கேட் நோட்டில் நான் எழுதிய பதில்

“நீங்க அவங்களுக்கு இன்னா உறவு?”

ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வாசலில் காவலர் என்னிடம் இதைக் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. சரியான பதில் என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்று ஒரு பதிலை எழுதிக் கொடுத்தேன். அது பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையால் ஒரு வீட்டுக்காரர் தன் ஆபீஸில் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

நாங்கள் தென்காசிப் பக்கம். என் மகளுக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்தே அவளுடைய இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அது அதிர்ஷ்டக் கண், தொடக் கூடாது என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் அதை நம்ப ஆசைப்பட்டேன். சென்னையில் பூந்தமல்லி சாலையில் இருக்கும் ஒரு கண் மருத்துவமனையில் காட்டியபோது, தள்ளிப்போடப் போட அந்தக் கண் பார்ப்பதையே மறந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். குழந்தை என்பதால் முழு மயக்க மருந்து. சளி, இருமல் இருந்தால் செய்ய மாட்டார்கள். முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்பு அவளுக்கு மூக்கு ஒழுகியது. தேதி போயிற்று. அடுத்த தேதிக்கு மூன்று மாதம் காத்திருந்தோம். இந்த முறையும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், அந்த வாரம் முழுவதும் அவளை வாசல் படி இறங்கவிடவில்லை.

என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவரால் வர முடியாது. மாமியாருக்கு முழங்கால் வலி. நானும் மகளும் மட்டும் கிளம்பினோம். ஞாயிறு காலை போய்ச் சேர்ந்து, திங்கள் பரிசோதனை, செவ்வாய் ஆபரேஷன், அடுத்த திங்கள் தையலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது என்று திட்டம். மாங்காட்டில் என் சித்தி மகள் வீட்டில் தங்குவதாகப் பேசி வைத்திருந்தேன்.

ரயில் செங்கல்பட்டைத் தாண்டும்போது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பேசத் தொடங்குவதற்கு முன்பே அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமுவது கேட்டது.

“ரெண்டுக்கும் நேத்துலேர்ந்து காய்ச்சல்டி. சின்னவனுக்கு ஒரே சளி. நீ வா, ஒண்ணும் ஆகாது. தனி ரூம்ல படுத்துக்கோ” என்றாள்.

அவள் வீட்டில் தனி அறை கிடையாது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆபரேஷன் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு வருத்தம். எனக்கு வேறு வழி இல்லை.

தாம்பரத்தில் இறங்கி, நடைமேடையில் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே ஃபோனில் அறை தேடினேன். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்தவை எல்லாம் எட்டு நாளுக்குத் தாங்காது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் அழகாக இருந்தது; அதன் ஒரு நாள் வாடகையைப் பார்த்ததும் விரலால் தள்ளிவிட்டேன். கடைசியில் குமணன்சாவடியில் ஒரு லாட்ஜ் கையில் இருந்த பணத்துக்குள் வந்தது. வெள்ளை விரிப்பு, ஜன்னல், சுடுதண்ணீர் என்று படம் போட்டிருந்தார்கள். பஸ் பிடித்துப் போனோம்.

லாட்ஜ் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி ஏறும்போதே தின்னர் வாடை. துப்பட்டாவால் மகளின் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் ஆதாரை வாங்கிப் பார்த்தார். எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார்.

“சாரு கீழ கீறாரா?”

“இல்லங்க. நானும் பிள்ளையும்தான்.”

“தனியா லேடீஸுக்கு குடுக்கறது இல்லம்மா. ஊட்டுக்காரரு கூட வந்தா குடுப்போம்.”

“அவங்க மஸ்கட்ல இருக்காங்க.”

“அப்போ மஸ்கட்லேர்ந்து வரச் சொல்லு” என்றார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். பிறகு மேசைக்காரர் மகளின் கண்ணைப் பார்த்துவிட்டோ என்னவோ, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். “நான் குடுத்துடுவேம்மா. ஓனரு கத்துவாரு. அப்பா, அண்ணன், யாருனா ஒரு ஆம்பள ஆதார் இருந்தா பாக்கலாம்.”

என் அப்பா இல்லை. அண்ணனும் இல்லை. கீழே இறங்கி வந்து ஒரு ஜூஸ் கடை ஓரமாக நின்றேன். வண்டிகள் நாலு பக்கமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரி போகும்போதும் மகள் தும்மிவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். அப்போதுதான் என் ஃபோனில் “ஆவடி அக்கா” என்று ஒரு எண் இருப்பது ஞாபகம் வந்தது.

முதல் முறை டாக்டரைப் பார்க்க வந்தபோது அந்த அக்காவும் நானும் ஒரே பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவுதான் பழக்கம். அவருடைய மகனுக்கு இதே ஆபரேஷன் ஒரு வருடம் முன்பு நடந்திருந்தது. சொட்டு மருந்தை எப்படி விட வேண்டும், குழந்தை கண்ணைக் கசக்காமல் இருக்கக் கைக்கு எப்படிச் சாக்ஸ் மாட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். பிரியும்போது எண்ணைக் கொடுத்து, “அடுத்த வாட்டி வந்தா நம்ம வீட்லயே தங்கிக்கோ. லாட்ஜுக்கெல்லாம் காசு அழாத” என்றார்.

இப்படி எல்லோரும் சொல்வதுதான். எங்கள் தெருவில் சாப்பிடும் நேரத்தில் யார் கடந்து போனாலும் “வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க” என்போம். போகிறவர் “இருக்கட்டும், இன்னொரு நாள்” என்பார். யாரும் நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. வந்து உட்கார்ந்தால் என் அம்மா உள்ளே போய்ப் பானையைத் திறந்து பார்த்திருப்பாள். அந்த அக்கா சொன்னதும் அந்த வகைதானா, இல்லையா? ஜூஸ் கடை ஓரத்தில் நின்றுகொண்டு இதைத் தீர்மானிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

அழைத்தேன். மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது, நின்றது.

“அக்கா, நான் தென்காசி… கண்ணாஸ்பத்திரில பெஞ்சுல…”

ஏதோ பாத்திரத்தை மூடும் சத்தம் வந்தது. பிறகு, “தெரியுது, சொல்லு” என்றார்.

“பக்கத்துல நல்ல லாட்ஜ் ஏதாவது உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கலாம்னு…”

நான் கேட்க நினைத்தது அதுவல்ல என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “எங்க நிக்கற?” என்றார். சொன்னேன். “ஆட்டோ புடிச்சு வந்துடு. நாங்க இப்பதான் சர்ச்சுலேர்ந்து வந்தோம். கேட்ல யாருன்னு கேப்பாங்க. தங்கச்சின்னு சொல்லிடு.”

ஆட்டோ பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்வரை எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடைசி வார்த்தை உறுத்தத் தொடங்கியது.

கேட்டில் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. பெயர், ஊர், எந்த வீடு, எத்தனை நாள், உறவுமுறை என்று கட்டம் போட்டிருந்தார்கள். காவலர் பேனாவைக் கொடுத்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். தங்கை என்று எழுதக் கை போயிற்று. ஆதாரில் அப்பா பெயர் இருக்கிறது. அக்கா வேதக்காரர், நெற்றியில் நான் குங்குமம் வைத்திருக்கிறேன். பார்த்தாலே தெரியும் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. நாளை மறுநாள் பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்கப்போகிறேன். அதற்கு முன்னால் கையால் ஒரு பொய் எழுதலாமா? படித்தவள்தான் நான். இருந்தாலும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

“ஆஸ்பத்திரியில் பழக்கம்” என்று எழுதினேன். நாட்கள் என்ற கட்டத்தில் “எட்டு” என்று எழுதினேன். 

காவலர் இரண்டு முறை படித்தார். “பழக்கம்னா? சொந்தம் இல்லையா?”

“இல்லண்ணே.”

“எட்டு நாளா?”

அதற்குள் அக்கா ஸ்கூட்டியில் வந்துவிட்டார். “நம்ம வீட்டுக்குத்தான்ணே” என்று சொல்லி என் பையை வாங்கி முன்னால் வைத்தார். நோட்டைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வீடு முதல் மாடியில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரும் கணவரும் மகனும் ஹாலில் பாய் விரித்துக்கொண்டார்கள். நான் ஹாலில் படுக்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். “புள்ளைக்குச் சளி புடிச்சா உன் டாக்டர் என்னத்தான் திட்டுவாரு” என்றார் அக்கா. அக்காவின் கணவரை அண்ணன் என்றே கூப்பிட்டேன்; தொழிற்சாலையில் ஷிப்ட் போகிறவர். அதிகம் பேச மாட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் “சாப்டியாம்மா?” என்பார். அவ்வளவுதான்.

“அம்மா, இது யாரு வீடு?” என்று மகள் சத்தமாகக் கேட்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

“உன் பெரியம்மா வீடு” என்றார் அக்கா சமையலறையிலிருந்து. அன்றிலிருந்து அவள் அவரைப் பெரியம்மா என்றே கூப்பிட்டாள்.

சாயங்காலம் அவர்கள் குடும்ப ஜெபத்துக்கு முழங்கால் போட்டார்கள். நான் நிற்பதா, உட்காருவதா, உள்ளே போய்விடுவதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் மகன், எட்டு வயதுப் பையன், என் மகளின் பெயரைச் சொல்லி, “அந்தப் பாப்பாக்கு சளி வராம காத்துக்கொள்ளும்” என்றான். நான் கட்டிலுக்குப் போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

திங்களன்று மயக்க மருந்து டாக்டர் அவள் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்ட அரை நிமிடம் நான் மூச்சுவிடவில்லை. “கிளியரா இருக்கு” என்றார். செவ்வாய் காலை நீலக் குல்லாய் மாட்டி அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே பெஞ்சில் அக்காவும் நானும் உட்கார்ந்தோம். அவர் ஜெபமாலை மாதிரி எதையும் உருட்டவில்லை. பையிலிருந்து பட்டாணியை எடுத்து உரித்துக்கொண்டிருந்தார். என் கையிலும் கொஞ்சம் வைத்தார். வெளியே கொண்டுவந்தபோது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. ஆனால் கருவிழி நடுவில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் அழுதேன்.

ஒரு வாரத்துக்குத் தூசி படக் கூடாது, தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நாலு வேளை சொட்டு மருந்து. கண்ணுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி.

வியாழன் முற்பகல் எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒருவர் ஃபைலோடு வந்தார். குவார்ட்டர்ஸைப் பராமரிப்பது அந்த ஆபீஸ்தான். அக்கா ஹாலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“கேட் நோட்ல எட்டு நாள்னு போட்டிருக்கு. பழக்கம்னு போட்டிருக்கு. குவார்ட்டர்ஸ உள்வாடகைக்கு உடறாங்கன்னு ஏற்கெனவே பேச்சு கீது. அதான் பாத்துட்டுப் போலாம்னு.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எவ்ளோம்மா குடுத்தீங்க?” என்று வந்தவர் என்னைக் கேட்டார்.

“ஒண்ணும் குடுக்கல சார்.”

உண்மைதான். ஆனால் சொல்லும்போது நாக்கு கூசியது. கொடுத்திருந்தால் குற்றம், கொடுக்காமல் எட்டு நாள் சாப்பிடுவதும் ஒரு மாதிரிதான்.

“ஒண்ணும் வாங்காமயே எட்டு நாளா?”

“ஏன் சார், உங்க வீட்டுக்கு யாரும் வந்து தங்கினதே இல்லையா?” என்றார் அக்கா.

“வராங்க. எல்லாம் மாமியார் வீட்டு சைடு. அதுக்கே மூச்சு முட்டுது.”

அதற்குள் மகள் உள்ளேயிருந்து, “பெரியம்மா, யாரு வந்திருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கண்ணில் மூடி, கைகளில் சாக்ஸ். வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

“பெரியம்மான்னு கூப்பிடுது பாருங்க” என்றார் அக்கா.

“அது எல்லாரும் எல்லாரையும் கூப்பிடறதுதாம்மா. எனக்கு நோட்ல இன்னா கீதோ அதான்.” மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சார ஆபீஸுக்கு வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா இவங்க காலி பண்ணணும். அவருக்கும் மெமோ வரும். நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் படி இறங்கும் சத்தம் நின்றது.

“தங்கச்சின்னுதானே சொல்லச் சொன்னேன்” என்றார் அக்கா.

“பிள்ளைக்கு ஆபரேஷன் வச்சுக்கிட்டு பொய் எழுத வேண்டாம்னு பட்டுச்சுக்கா.”

அவர் கத்தியை எடுத்தார். இரண்டு பீன்ஸை நறுக்கினார். “நான் உன்னப் பொய் சொல்லச் சொன்னேனா?” என்றார். பிறகு மத்தியானம்வரை என்னிடம் பேசவில்லை.

மஸ்கட்டுக்கு அழைத்தேன். “யாரு எவருன்னு தெரியாத வீட்ல ஏன் போய் உக்காந்த? காசப் பாக்காம நல்ல லாட்ஜாப் போயிரு” என்றார் என் கணவர். எந்த லாட்ஜில் எங்களை விடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. மறுபடியும் ஃபோனில் அறை தேடினேன். மூடி போட்ட கண்ணோடு அவளை எந்தப் புழுதியில் கொண்டுபோவது? திங்கள் பரிசோதனைக்கு இன்னும் நாலு நாள். இருந்தாலும் பையைக் கட்டி வைத்தேன். அதுதான் மரியாதை என்று தோன்றியது.

அண்ணன் சாயங்காலம் வந்தவுடன் பையைத்தான் பார்த்தார். அக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பதினெட்டு வருஷத்துல எம்பேர்ல ஒரு பேப்பர் போனதில்ல” என்றார்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. டீயைக் குடித்தார். நான் எழுந்து, “நாங்க கிளம்பிருதோம்ணே” என்றேன்.

“இந்தக் கண்ணோட எங்க போவ? உக்காரும்மா” என்றார். அதில் அன்பைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது என்று எனக்குப் பட்டது. இல்லை, அலுப்பு மாதிரி கேட்ட அன்பா? இன்றுவரை அந்தக் குரலை நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்பு ஒரு விண்ணப்பத்தை எடுத்துவந்து மேசையில் வைத்து நிரப்பினார். விருந்தினர் தங்க அனுமதி கேட்கும் தாள். பெயர், வயது, காரணம் எல்லாம் எழுதினார். ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“இங்கயும் உறவுமுறைன்னு கேட்டிருக்கான். இன்னாம்மா எழுத?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மகளுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. தங்கை என்று சொல்ல இப்போது எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் கேட்டில் ஒன்று, இங்கே ஒன்று என்றால் அவர்தானே மாட்டிக்கொள்வார்?

“சரி, நான் பாத்துக்கறேன்” என்று அவராகவே ஏதோ எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் பன்னிரண்டு மணியைத் தாண்டும்வரை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒன்றரை மணிக்கு அக்காவின் ஃபோன் அடித்தது. திங்கள்வரை அனுமதி கொடுத்துவிட்டார்கள். 

“அந்தக் கட்டத்துல என்ன எழுதினீங்கண்ணே?” என்று சாயங்காலம் கேட்டேன்.

“சீல் போட்டாச்சும்மா. இனிமே என்னத்துக்கு அது” என்றார். அக்காவிடம் கேட்டேன். “எங்கிட்டயே சொல்லல. கேட்டா சிரிக்கறாரு” என்றார்.

திங்களன்று டாக்டர் மூடியை எடுத்துப் பார்த்து, நன்றாக ஆறுகிறது என்றார். ஆறாவது மாதம் மறுபடி வர வேண்டும். அன்றே ஊருக்குக் கிளம்பினோம். கேட்டில் வெளியேறும் கையெழுத்துப் போடும்போது என் வரியைப் பார்த்தேன். “பழக்கம்” என்ற சொல்லுக்குக் கீழே யாரோ சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். “பாப்பாவுக்கு கண்ணு நல்லாச்சாமா?” என்றார் காவலர். தலையாட்டினேன்.

அடுத்த மாதம் ஆறாவது மாதம். அக்கா இரண்டு முறை அழைத்து, “டிக்கெட் போட்டியா?” என்று கேட்டுவிட்டார். சொந்தத்தை விட்டுவிட்டு யார் வீட்டிலோ இருந்தேன் என்று மாங்காட்டுச் சித்தி மகளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அம்பத்தூரில் ஒரு பெண்கள் விடுதி குழந்தையோடு வரச் சம்மதிக்கிறது. மூன்று நாள்தான் என்பதால் வாடகையும் தாங்கும். நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. ஆனால் அங்கே போனால் அக்கா என்ன நினைப்பார்? அவர் வீட்டுக்குப் போனால் அண்ணன் மறுபடி ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு நடக்க வேண்டும். அவர் பெயரில் முதன்முதலாகப் போன தாள் என்னுடையது. இரண்டாவதும் என்னுடையதாக இருக்க வேண்டுமா?

இதைப் படிப்பவர்களில் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், யாரையாவது இப்படித் தங்கவைத்தவர்கள், தங்கியவர்கள் இருப்பீர்கள். தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். கூப்பிட்டவர்கள் நிஜமாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? நான் போகலாமா, விடுதியிலேயே இருந்துகொண்டு ஒரு மாலை மட்டும் பார்த்துவிட்டு வரலாமா? போகத்தான் வேண்டும் என்றால், அந்த நோட்டில், அந்தக் கட்டத்தில் இந்த முறை என்ன எழுதட்டும்?